அசையாமைக்கு ஆடிய கூட்டம்

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு மூன்றே நாள் இருக்கும்போது, கப்பலில் வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லி டிரம்மர் டிரம்மையும் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். சொல்லாமல் ஓடியிருந்தாலாவது வாய்க்கு வந்தபடி திட்டி மனதை ஆற்றிக்கொண்டிருக்கலாம். அவனோ ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கி, கண் கலங்கி, வெளியே தூறல் போடுகிறது என்று மருமகளுடைய குடையையும் இரவல் வாங்கிக்கொண்டு போனான்.

மருமகள் என்றால், பின்னால் வரப்போகும் மாமனாருக்கு மருமகள்; அந்த இசைக்குழுவில் பேஸ் கிடார் வாசிப்பவள். கூட்டத்தில் யாரும் அவளைக் கவனிக்க மாட்டார்கள். ஆனால் நாலு தடித்த கம்பிகளில் அவள் விரல் ஓடினால்தான் கூட்டத்துக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வரும். அவள் புருஷன் டிரம்பெட் ஊதுவான். புருஷனின் நண்பன் ஒருவன் கிடார். மூவரும் சேர்ந்து வாசித்தது ஃபங்க். அதற்குப் பெரிய இலக்கணமெல்லாம் தேவையில்லை. கேட்கிறவன் கழுத்து அவனைக் கேட்காமலேயே முன்னும் பின்னும் போனால் அது ஃபங்க், போகாவிட்டால் வாசிக்கிறவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த இசைக்கு முதுகெலும்பே டிரம்தான். முதுகெலும்பு இப்போது கடலில் போய்க்கொண்டிருந்தது.

இதைக் கேட்டு நடன மண்டபத்து முதலாளி கொஞ்சமும் உருகவில்லை. பழைய கிடங்கு ஒன்றுக்கு மரத்தரை போட்டு, ஓரத்தில் சோடாக்கடை வைத்து, அதை நடன மண்டபம் ஆக்கிய மனிதர் அவர். இசையைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு கொள்கைதான் உண்டு.

“ஆடினாத்தாம்மா வேர்க்கும். வேர்த்தாத்தான் சோடா குடிப்பாங்க. போன வாரம் உங்க வாசிப்புக்கு எல்லாரும் சுவத்துல சாஞ்சுக்கிட்டு நின்னாங்க. சும்மா நிக்கிறவனுக்கு எங்கேர்ந்து தாகம் எடுக்கும்? இந்த ஞாயித்துக்கிழமை தரை நிறையணும். இல்லேன்னா அடுத்த வாரத்துலேர்ந்து அந்த நேரத்தை மேஜிக்காரருக்குக் குடுத்துடுவேன். அவர் சொந்தமா முயல் வெச்சிருக்கார்.”

மருமகள் வாசலுக்கு வந்து நின்றாள். மூன்று வருஷமாக மெத்தைக்கடைப் பின்கட்டிலும், தையல் வகுப்பு முடிந்த அறையிலும், ஒருமுறை ஆளில்லாத பல் மருத்துவமனையிலும் வாசித்துப் பழகி, கடைசியில் கிடைத்த இடம் இது. வாசலில் அவர்கள் குழுவின் பெயரைச் சுண்ணக்கட்டியால் எழுதிய பலகை இருந்தது. அந்தப் பலகையில் முயலின் பெயர் வருவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

வீட்டுக்கு வந்தவள் ஆத்திரத்தை எல்லாம் அடிப்பிடித்த ஒரு பாத்திரத்தின் மேல் காட்டிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் மாமனாரின் அறை. அங்கிருந்து வழக்கம்போல் சத்தம் வந்துகொண்டிருந்தது. தும்... தும்... தத்தும். தும்... தும்... தத்தும்.

மாமனார் ஓய்வு பெற்ற வானொலிக்காரர். செய்தி வாசித்தவர் இல்லை. வானொலி நிலையத்தின் மாடியில் ஒலி ஆய்வுக்கூடம் என்று ஒன்று இருந்த காலத்தில் அங்கே வேலை பார்த்தவர். கருவிகளைச் சோதிப்பதற்கென்று ‘ஊம்’ என ஒரே சுருதியில் ஒலிக்கும் பெட்டிகள் அங்கே உண்டு. அந்த ‘ஊம்’மை வைத்தே இசை செய்யலாம் என்று கிளம்பிய கிறுக்கர்களில் அவர் ஒருவர். ‘ஊம்’மை ஒலிநாடாவில் பதிவார்கள், பிளேடால் வெட்டுவார்கள், ஒட்டுவார்கள், வளையமாக்கி ஓடவிட்டுக் கேட்பார்கள், மறுபடி வெட்டுவார்கள். ஒரு நிமிஷ இசைக்கு ஒரு மாதம் பிடிக்கும். அந்த ஒரு நிமிஷத்தைக் கேட்டவர்கள் ஒரு மாதம் மாதிரி இருந்தது என்றார்கள். ஆய்வுக்கூடத்தை மூடியபோது, குப்பைக்குப் போக இருந்த பெட்டிகளை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து, அவற்றை இணைத்து, துணி அலமாரி அளவுக்கு ஓர் இயந்திரத்தை மாமனார் தன் கையாலேயே கட்டினார். முன்னால் வரிசையாகத் திருகுகள். மேலே இரண்டு உருளைகளுக்கு நடுவே ஒலிநாடா வளையம் ஒன்று ஓயாமல் சுற்றும்.

மாமியார் அதற்கு வைத்த பெயர் சக்களத்தி. “உங்க மாமா எங்கேயும் போகலைம்மா, சக்களத்தி ரூம்லதான் இருக்கார்” என்று வந்தவர்களிடம் அவர் சாதாரணமாகச் சொல்வார். புதிதாக வந்தவர்கள் வெலவெலத்துப் போவார்கள்.

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மருமகள் சட்டென்று கையை நிறுத்தினாள். இவ்வளவு நேரமாக அவள் கை தேய்த்தது தன் இஷ்டத்துக்கு அல்ல. தும், தும், தத்தும் என்று தேய்த்துக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தால், கூடத்தில் டிரம்பெட்டைத் துடைத்துக்கொண்டிருந்த புருஷனின் கழுத்து முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. அது போவது அவனுக்கே தெரியவில்லை.

இன்னொன்றும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் பேஸ் கிடாரைக் கையில் எடுத்ததே இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான். இந்தச் சுவரின் இந்தப் பக்கம் உட்கார்ந்துதான் பழகினாள். தானாகவே கண்டுபிடித்ததாக அவள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த வாசிப்பெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து கசிந்து வந்தவை. இது அவளுக்குக் கொஞ்சம் அவமானமாகவும் நிறையச் சந்தோஷமாகவும் இருந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள்.

“மாமா, ஞாயித்துக்கிழமை நீங்க எங்களோட வாசிக்கணும். மண்டபத்துல. ஜனங்க முன்னாடி.”

மாமனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். முப்பது வருஷமாக அவரை யாரும் எங்கேயும் கூப்பிட்டதில்லை. கண் கலங்கியதைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத்தான் இவ்வளவு துடைப்பு என்பது அவளுக்குப் புரிந்தது.

“வரேன். ஆனா சில நிபந்தனை இருக்கு” என்றார். “எல்லாரும் நாற்காலியில உக்காரணும். நான் கூட்டத்துக்கு முதுகு காட்டித்தான் உக்காருவேன். சத்தத்துக்கு முகம் தேவையில்லை. முக்கியமானது, ஒருத்தரும் ஆடக் கூடாது.”

“ஆடக் கூடாதா?”

“இதோட பேரே ‘அசையாமை’ம்மா. நாலாம் வடிவம். இதைத் தாளம்னு நினைச்சியா? ரெண்டு நிசப்தத்துக்கு நடுவுல நான் நட்டு வெக்கிற எல்லைக்கல் அது. அசையாம உக்காந்து அந்த நிசப்தத்தைக் கேக்கணும். ஆடறவனுக்கு நிசப்தம் எங்கே கேக்கும்? ஒருத்தன் ஆடினாலும் நிறுத்திட்டு எந்திரிச்சு வந்துடுவேன். சம்மதமா?”

ஆடாவிட்டால் முதலாளி துரத்துவார். ஆடினால் மாமனார் எழுந்து வந்துவிடுவார். மருமகள் ஒரு மூச்சு யோசித்தாள். “சம்மதம் மாமா” என்றாள். இவ்வளவு பெரிய பொய்யை இவ்வளவு சின்னக் குரலில் அவள் அதுவரை சொன்னதில்லை.

அன்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே மாமியார் கேட்டார்: “முதுகு காட்டி உக்காருவேன்னு சொல்லியிருப்பாரே?”

“சத்தத்துக்கு முகம் தேவையில்லையாம் அத்தை.”

“மண்ணாங்கட்டி. முதல் கச்சேரியில கூட்டத்தைப் பாத்துத்தான் உக்காந்தார். கண்ணை மூடிக்கிட்டே ஒரு மணி நேரம் வாசிச்சார். முடிச்சுட்டுக் கண்ணைத் திறந்து, எந்திரிச்சு ஒரு கும்பிடு போட்டார் பாரு, மண்டபத்துல நானும் பெருக்கற ஆளும்தான் இருந்தோம். அந்த ஆளும் எப்ப முடியும்னு தொடப்பத்தோட நின்னுக்கிட்டிருந்தான்.” மாமியார் ஒரு சட்டையை உதறினார். “அப்புறம் இவர் எங்கேயுமே திரும்பிப் பாக்கறதில்லை. எனக்கும் உள்ளதைச் சொல்லணும்னா, பாதிக் கச்சேரி தூங்கிட்டேன்.”

மருமகளுக்குச் சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றும்விட்டது. அந்த மனிதரையா ஏமாற்றப் போகிறோம் என்று அவள் அன்றைக்கு நெடுநேரம் தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டிக்கொண்டாளே தவிர, திட்டத்தைக் கைவிடவில்லை.

ஞாயிறு மத்தியானம் மெத்தைக்கடை வண்டியில் சக்களத்தி ஊர்வலம் போனாள். மேலே மெத்தை, கீழே மெத்தை, நடுவில் அவள். “என்னை இப்படி ஒரு நாளாவது கூட்டிக்கிட்டுப் போனதுண்டா” என்று மாமியார் முன்சீட்டிலிருந்து வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார்.

மண்டபத்தில் நாற்காலிகள் வரிசை பிசகாமல் போடப்பட்டிருந்தன. மாமனார் ஒவ்வொரு வரிசையாக நடந்து பார்த்துத் தலையசைத்தார். சோடாக்கடை ஓரத்திலிருந்து முதலாளி இதைப் பார்த்து மருமகளிடம் ஓடிவந்தார். “என்னம்மா இது, இரங்கல் கூட்டமா?”

“கொஞ்சம் பொறுங்க சார். அவர் திரும்பி உக்காரட்டும்.”

மாமனார் மேடையில் தன் சுழல் நாற்காலியில், கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அவர் திருகைத் தொட்டதுதான் தாமதம், மருமகள் கண் காட்டினாள். புருஷனும் அவன் நண்பனும் பூனை நடை நடந்து, உட்கார்ந்திருந்தவர்களைச் சைகையால் எழுப்பி, நாற்காலிகளை இரண்டிரண்டாகத் தூக்கிச் சுவரோரம் சேர்த்தார்கள். அப்பாவுக்கு முன்னால் இருமுவதற்கே பயப்படுகிற புருஷன், முதுகுக்குப் பின்னால் இவ்வளவு துணிச்சல் காட்டுவான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

தும்... தும்... தத்தும்.

கூட்டம் முழித்தது. டிரம்மர் இல்லாமல் டிரம் எங்கிருந்து வருகிறது என்று எட்டி எட்டிப் பார்த்தது. அந்தச் சத்தத்தில் தோலும் இல்லை, குச்சியும் இல்லை. வழவழவென்று, குளிர்ந்து போய், யார் மேலும் அக்கறை இல்லாமல் வந்தது. மருமகள் நாலு சுற்று பொறுத்தாள். பிறகு எத்தனையோ நாள் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து வாசித்ததை, இப்போது சுவரே இல்லாமல் அதன் இடைவெளிகளில் இறக்கினாள். மாமனார் எல்லைக்கல் நட்ட இடங்களை விட்டுவிட்டு, நடுவில் இருந்த நிசப்தத்தில் அவள் புகுந்துகொண்டாள். அவ்வளவுதான். முன்னால் நின்ற ஒரு பெண்ணின் தோள் ஏறி இறங்கியது. அவள் பக்கத்தில் இருந்தவனின் முழங்கால் மடங்கியது. டிரம்பெட் ஒரு வெட்டு வெட்டியதும் தரை நிறைந்துவிட்டது.

மரத்தரையில் அத்தனை கால்களும் ஒன்றாக விழுந்ததில் மேடை அதிர்ந்தது. மேடை அதிர்ந்ததில் சக்களத்தியின் உருளையில் ஒலிநாடா நழுவியது. தத்துக்கு அடுத்த தும் கொஞ்சம் பிந்தி வந்தது.

மாமனார் பதறிப்போனார். தன் இயந்திரம்தான் தடுமாறுகிறது என்று நினைத்து, சுற்றும் நாடாவின் மேல் விரலை வைத்து அழுத்தி அதைச் சரிக்கட்டப் பார்த்தார். விரல் பட்டதும் நாடா தயங்கியது, விட்டதும் தாவியது. தும், தும், தத்... தும். ஒரு கால் நொண்டுகிறவன் அவசரமாகப் படி இறங்குவது மாதிரி ஒரு நடை. கூட்டத்துக்கு அந்த நொண்டல் பைத்தியம் பிடிக்க வைத்துவிட்டது. அந்தத் தத்துக்கும் தும்முக்கும் நடுவே உடம்பு அந்தரத்தில் தொங்கியது. தும் வந்ததும் விழுந்தது. அவர்கள் விழ விழ மேடை அதிர்ந்தது. மேடை அதிர அதிர அவர் விரலை அழுத்தினார். யார் யாரை ஆட்டுகிறார்கள் என்றே தெரியவில்லை.

இந்த நொண்டலைப் பிற்பாடு அந்த நகரத்து டிரம்மர்கள் அத்தனை பேரும் கையாலேயே அடித்துப் பழகினார்கள். கப்பலில் போனவன்கூடத் திரும்பி வந்து, இயந்திரம் மாதிரி அடிக்க வரவில்லையே என்று ஒரு வருஷம் அழுதான். அது பிறகு நடந்த கதை. அன்றைக்கு மாமனாருக்குத் தெரிந்ததெல்லாம், தன் ‘அசையாமை’ கைவிட்டுப் போகிறது என்பதும், முதுகுக்குப் பின்னால் ஒரே கூச்சல் என்பதும்தான். கூச்சல் அவருக்குப் புதிதில்லை. அவருடைய சில கச்சேரிகளில் ஜனங்கள் கத்தியிருக்கிறார்கள்.

தலையைத் திருப்பாமலே கேட்டார்: “எந்திரிச்சுட்டாங்களாம்மா?”

“எந்திரிச்சுட்டாங்க மாமா.”

“எல்லாருமா?”

“கிட்டத்தட்ட எல்லாரும்.”

மாமனார் மெதுவாகத் தலையாட்டினார். “போகட்டும். தடுக்காதே. நான் எப்பவும் முடிக்காம எந்திரிச்சதில்லை. இன்னைக்கும் முடிச்சுட்டுத்தான் எந்திரிப்பேன்.” விரல் நாடாவை விடவில்லை. ஆனால் அந்த ஒடிசலான முதுகு இன்னும் கொஞ்சம் கூனியது.

மருமகளால் தாங்க முடியவில்லை. எல்லாம் அவள் நினைத்தபடியே நடந்துகொண்டிருந்தது. முதலாளி இரண்டு கையாலும் சோடா உடைத்துக்கொண்டிருந்தார். இப்படியே விட்டால் ஆட்டமும் முடியும், பலகையும் நிலைக்கும், மாமனாரும் நாற்காலி காலியான இன்னொரு கச்சேரியைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போவார். உண்மையைக் காட்டினால் சொன்னபடி நிறுத்திவிட்டு எழுந்துவிடுவார். பிறகு மேடையில் முயல்தான்.

“மாமா, திரும்பிப் பாருங்க.”

“வேண்டாம்மா. அங்கே என்ன இருக்கும்னு எனக்குத் தெரியும்.”

“உங்களுக்கு ஒண்ணும் தெரியாது!” என்று கத்தினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் குரல் உயர்த்தினாள். வாசிப்பை நிறுத்தாமலே காலை நீட்டி, சுழல் நாற்காலியை ஓங்கி ஓர் உதை விட்டாள். மாமனார் ஒரு முழுச்சுற்று சுற்றி, இன்னும் பாதி சுற்றி, கூட்டத்துக்கு நேராக வந்து நின்றார்.

அவர் கண் முதலில் நாற்காலிகளைத்தான் தேடியது. வரிசைகள் இருந்த இடத்தில் ஒரு வரிசைகூட இல்லை. முகம் தொங்கியது. பிறகுதான் மனிதர்கள் தெரிந்தார்கள். வேர்த்து வழிந்து, தலை கலைந்து, வாயைப் பிளந்து சிரித்துக்கொண்டு, தும்முக்குத் தும் விழுந்து எழுந்துகொண்டிருந்த அத்தனை பேரும். நட்டநடுவில் மாமியார். இடுப்பில் கை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, அந்த நொண்டலை ஒன்றுகூடத் தவறவிடாமல் ஆடிக்கொண்டிருந்தார்.

மாமனார் கையை நீட்டி இயந்திரத்தை நிறுத்தினார்.

தூக்கிய கால்கள் தூக்கியபடியே நின்றன. சோடாக்கடையில் முதலாளி தலையில் கை வைத்தார். மருமகளின் பேஸ் தனியாக ஒரு அடி அடித்துவிட்டு வெட்கப்பட்டு நின்றது.

“யாரு உங்களை ஆடச் சொன்னது?” என்று மாமனார் கேட்டார்.

மருமகள் முன்னால் வந்தாள். “நான்தான் மாமா. பொய் சொன்னேன். ஆடினாத்தான் எங்களுக்கு இங்கே இடம். ஆனா இன்னொண்ணும் இருக்கு. நான் வாசிக்கிறது எல்லாமே உங்க சுவத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து கேட்டதுதான். எனக்கு வேற எதுவும் தெரியாது.”

மாமனார் அவளைப் பார்த்தார். கோபமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்குள் கூட்டத்தின் நடுவிலிருந்து மாமியார் மூச்சிரைக்க முன்னே வந்தார்.

“அவளை என்ன கேக்கறீங்க? எங்களை ஆடச் சொன்னது உங்க சக்களத்திதான். இத்தனை வருஷமா என்கிட்ட முணுமுணுத்துக்கிட்டே இருந்தா. இன்னைக்குத்தான் ஒரு நல்ல வார்த்தை பேசினா. அதையும் பாதியில நிறுத்திட்டீங்க.”

மாமனார் இயந்திரத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கடைசியில் தன் விரலைப் பார்த்தார்.

“பாதியில நிறுத்தறது என் வழக்கமில்லை” என்றார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு கூட்டத்திடம் கேட்டார்: “முதல்லேர்ந்து ஆரம்பிக்கட்டுமா, விட்ட இடத்துலேர்ந்தா?”

“விட்ட இடத்துலேர்ந்து!” என்று மண்டபம் அதிர்ந்தது. முதலாளியின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

இந்த முறை மாமனார் முதுகு காட்டவில்லை. பக்கவாட்டில் உட்கார்ந்து, ஒரு கையை நாடாவில் வைத்துக்கொண்டு, கண்ணைக் கூட்டத்தின் மேல் வைத்தார். எங்கே விரலை அழுத்தினால் எந்தத் தோள் குலுங்குகிறது என்று பார்த்தார். வேண்டுமென்றே ஒரு தும்மை இன்னும் பிந்த விட்டார். மண்டபம் முழுக்க அந்தரத்தில் நின்று, அலறிக்கொண்டு விழுந்தது. மாமனார் சிரித்தார். சிரிப்பு அவர் முகத்தில் புழங்கியே பல காலம் ஆகியிருந்ததால், கொஞ்சம் கோணலாக வந்தது. மருமகள் வாசித்துக்கொண்டே அழுதாள். அதை வேர்வை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

திடீரென்று மாமனாரின் புருவம் சுருங்கியது.

ஆடுகிற கூட்டத்துக்கு நடுவே, உட்கார்ந்தவர் எழ மறுத்ததால் அப்புறப்படுத்த முடியாத ஒற்றை நாற்காலி ஒன்று இருந்தது. அதில் அவர் இன்னும் உட்கார்ந்திருந்தார். முதுகு நிமிர்ந்து, கை கட்டி, கண் மூடி, ஒரு மயிர்க்கால்கூட அசையாமல், ஒவ்வொரு தும்முக்கும் நடுவில் இருந்த நிசப்தத்தைத் தவம் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். மாமனார் தன் ஆயுள் முழுக்கக் காத்திருந்த ரசிகர் அவர்தான்.

மாமனார் மருமகளின் பக்கம் சாய்ந்தார். முகம் நிறையக் கவலை.

“ஏம்மா,” என்றார், “அந்த ஒருத்தருக்கு மட்டும் ஏன் பிடிக்கலை?”